இல்லாத விரலின் சாட்சியம்

1

'உடல் என்பது ஒரு பிரதி' என்று நானும் பேசித் திரிந்தவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் நடத்திய வாசிப்புக் கூட்டம் ஒன்றில், வி. எஸ். ராமச்சந்திரன் சாண்ட்ரா பிளேக்ஸ்லீயுடன் சேர்ந்து எழுதிய 'ஃபாண்டம்ஸ் இன் த பிரெய்ன்' (1998) நூலை முன்வைத்து ஒரு கட்டுரை வாசித்தேன். கை வெட்டப்பட்டவர்கள் இல்லாத கையில் வலியை உணர்கிறார்கள். ஆகவே இருக்கிற கையும்கூட மூளை கட்டித் தருகிற புனைவுதான். ஆகவே உடல், சுயம், அனுபவம் எல்லாமே கட்டமைப்புகள். இந்த 'ஆகவே'க்களை அன்று யாரும் மறிக்கவில்லை. டீ குடிக்கும்போது இரண்டு பேர் கைகுலுக்கிப் பாராட்டவும் செய்தார்கள்.

பின்வரிசையில் என் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். என்னை பஸ் ஏற்றிவிட வந்தவர், சும்மா உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். 2003இல் கோவைப் பக்கம் ஒரு பட்டறையில் பவர் பிரஸ்ஸில் வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பறிகொடுத்தவர். வெளியே வந்ததும் கேட்டார்: "ஏண்டா, கடைசியில நீயும் அந்த டாக்டர் சொன்னதைத்தானே சொல்ற?"

அந்த டாக்டர் சொன்னது வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். காயம் ஆறிய பிறகும் ராத்திரியில் விரல் மடங்கி முறுக்குகிறது, நிமிர்த்த முடியவில்லை என்று சித்தப்பா போய்ச் சொன்னபோது, "விரலே இல்ல, அப்புறம் வலி எங்கிருந்து வரும்? எல்லாம் பிரமை. மனசை வேற பக்கம் திருப்புங்க" என்று அனுப்பிவிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொருள்முதல்வாதம் பேசிய அந்த மருத்துவரும், பின்நவீனத்துவம் பேசிய நானும் ஒரே முடிவுக்கு வந்து சேர்ந்தது எப்படி? இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் எழுதிப் பார்க்கும் பதில். சுயவிமர்சனம் என்று எடுத்துக்கொண்டாலும் சரிதான்.

2

முதலில் பாதையைப் பார்த்துவிடலாம். விரல் நுனியில் ஒரு இரும்புத் துண்டு படுகிறது. தோலுக்கடியில் அழுத்தத்துக்கு, அதிர்வுக்கு, சூட்டுக்கு, குளிர்ச்சிக்கு, சேதத்துக்கு என்று தனித்தனி நரம்பு முனைகள் இருக்கின்றன. இவை எதுவும் 'இரும்பு' என்று சொல்லி அனுப்புவதில்லை. அனுப்புவது மின்துடிப்புகளை மட்டும். தொடுகைச் செய்தி தண்டுவடத்தின் பின்பக்கம் வழியாக அதே பக்கத்திலேயே மேலேறி, மூளைத்தண்டின் அடியிலுள்ள முகுளத்தில் நின்று, அங்கே எதிர்ப்பக்கம் தாண்டி, தலாமஸ் வழியாகப் பெருமூளைப் புறணிக்குப் போகிறது. நடுப்பள்ளத்துக்குச் சற்றுப் பின்னாலிருக்கும் மடிப்பு அதன் முதல் தங்குமிடம். வலியின் பாதை வேறு. அது தண்டுவடத்துக்குள் நுழைந்த கொஞ்ச தூரத்திலேயே எதிர்ப்பக்கம் மாறிவிடுகிறது. மேலே போய்ப் பல இடங்களுக்குப் பிரிகிறது. 'எங்கே வலிக்கிறது' என்பதும் 'எவ்வளவு தாங்க முடியாமல் வலிக்கிறது' என்பதும் மூளையில் ஒரே இடத்து வேலை அல்ல.

இடையிலுள்ள நிறுத்தங்கள் தபாலை அப்படியே கைமாற்றிவிடும் ஆபீசுகள் அல்ல. ஒவ்வொன்றும் வடிகட்டுகிறது, சிலதை உரக்கச் சொல்கிறது, சிலதை அமுக்குகிறது. மேலிருந்து கீழேயும் செய்தி வருகிறது. எதை எதிர்பார்க்கிறோம், எதற்குப் பயப்படுகிறோம் என்பதெல்லாம் தண்டுவடம் வரைக்கும் இறங்கி வேலை செய்யும். தொல்காப்பிய மரபியல் உயிர்களை வரிசைப்படுத்தும்போது தொடுவுணர்வை முதல் அறிவாகவும் மனத்தை ஆறாவதாகவும் வைத்தது. தமிழ் எம்.ஏ. வகுப்பில் இதை ஏணிப்படி மாதிரி மனப்பாடம் செய்தோம். ஆனால் நரம்புப் பாதையைப் பார்த்தால், மனம் ஐந்துக்கும் பிறகு வந்து சேர்வதில்லை. முதல் அறிவுக்குள்ளேயே அது இறங்கி நிற்கிறது. உடலுக்கும் உண்மைக்கும் 'மெய்' என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிற மொழிக்கு இது அவ்வளவு அதிர்ச்சியான செய்தி இல்லை.

ஆக, உணர்தல் என்பது கட்டப்படுவதுதான். அதில் நான் பின்வாங்கவில்லை. கட்டப்பட்டது என்றால் பொய் என்று நினைத்தேனே, கோளாறு அங்கேதான்.

3

மூளையில் உடலின் வரைபடம் ஒன்று உண்டு. அதைப் பிரபலமாக்கியவர் கனடாவில் மான்ட்ரியாலில் இருந்த அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்ட். வலிப்பு நோயாளிகளுக்கு அவர் அறுவை செய்யும்போது முழு மயக்கம் கொடுப்பதில்லை. தலைத்தோல் மட்டும் மரத்திருக்கும். மூளைக்குத் தனக்கென்று வலியுணர்வு கிடையாது. திறந்த மூளையின் மேற்பரப்பில் மெல்லிய மின்சாரத்தை வைத்து, நோயாளியிடமே 'எங்கே என்ன தெரிகிறது' என்று கேட்பார். கட்டைவிரலில் கூச்சம் என்பார் ஒருவர், உதட்டில் என்பார் இன்னொருவர். இப்படிச் சேர்த்ததை 1937இல் எட்வின் போல்ட்ரேயுடன் சேர்ந்து வெளியிட்டார். அதிலிருந்து பிறந்ததுதான் 'ஹோமங்குலஸ்' என்ற அந்த விகாரமான குட்டி மனிதன்: தடித்த உதடு, மிகப் பெரிய கை, அதைவிடத் துருத்தும் கட்டைவிரல், ஒட்டிப்போன உடம்பு. எது அதிகம் உணர்கிறதோ அதற்கு அதிக இடம். கைக்கு அடுத்த வீடு முகம்.

அந்தப் படத்தில் இருப்பது ஆண் உடல் மட்டுமே என்பதைப் பெண்ணிய ஆய்வாளர்கள் பின்னால் சுட்டிக்காட்டினார்கள். நியாயமான விமர்சனம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. இந்த வரைபடம் எதனால் ஆனது? மின்முனையாலும் நோயாளியின் பேச்சாலும். உணர்வைப் பொறுத்தவரை பென்ஃபீல்டுக்கு வேறு ஆதாரமே கிடையாது. 'கட்டைவிரலில்' என்று நோயாளி சொன்னதை அவர் நம்பினார், எழுதிக்கொண்டார். புற உலகில் அந்தக் கட்டைவிரலை யாரும் தொடவில்லை என்பது அந்த அறையிலிருந்த எல்லோருக்கும் தெரியும். அப்படியும் 'பிரமை' என்று அவர் தள்ளிவிடவில்லை. நவீன நரம்பியலின் மிகப் புகழ்பெற்ற படமே சாட்சியங்களின் தொகுப்பு.

4

எங்கள் குடும்பத்துக்கு இன்னொரு வரைபடமும் அறிமுகம். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை. சித்தப்பாவுக்கு விபத்து நடந்தபோது அமலில் இருந்தது அதுதான். உடலை அதுவும் பங்கு போட்டிருந்தது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. ஒரே கையில் இரண்டு விரல் போனால் 20. சித்தப்பா விரலை எண்ணுகிற மாதிரியே கணக்கையும் எண்ணுவார்: "தனித்தனியாப் போயிருந்தா இருபத்தாறு. ரெண்டும் ஒண்ணாப் போனதால இருபது. மொத்தமா வாங்கினா தள்ளுபடி."

ஹோமங்குலஸையும் இந்த அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் கட்டைவிரல் பெரிசு, சுண்டுவிரல் சிறிசு. இரண்டும் உபயோகத்தை வைத்து உடலை அளக்கின்றன. ஆனால் ஒன்று, அந்த ஆள் தன் உலகைத் தடவி அறிகிற உபயோகம். மற்றது, அந்த ஆளை வைத்து இன்னொருவர் பெறுகிற உபயோகம். இரண்டாவது வரைபடத்தில் வலிக்குப் பத்தி கிடையாது. போன விரலுக்கு விலை உண்டு, போகாத விரலுக்கு இல்லை. மூன்று வருஷ அலைச்சலுக்குப் பிறகு 20 சதவீதத்துக்கான தொகை வந்தது. ராத்திரி முறுக்குகிற விரலைப் பற்றி மனுவில் ஒரு வரிகூட இல்லை. எழுதிக் கொடுத்தவருக்கு அது மனுவில் சேர்க்கிற சமாசாரமாகப் படவில்லை.

5

இலக்கியக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சேதி. இந்த வலியை நவீன மருத்துவத்தில் பேர் வைத்துப் பேசியவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்குப் பிலடெல்ஃபியாவில் வைத்தியம் பார்த்த சைலஸ் வெய்ர் மிட்செல். 'ஃபாண்டம்' என்ற சொல்லை அவர் இதற்குப் பயன்படுத்தியது 1871இல். அதற்கும் முன்பே, 1866இல், 'அட்லாண்டிக் மன்த்லி' பத்திரிகையில் பெயர் போடாமல் அவர் எழுதியது ஒரு சிறுகதை. கைகால் நான்கையும் இழந்த ஜார்ஜ் டெட்லோ என்பவன் தன் கதையைத் தானே சொல்கிறான். வாசகர்கள் அதை நிஜம் என்று நம்பி அவனுக்காகப் பணம் சேர்த்தார்கள். புனைவு, மருத்துவம் கேட்கத் தயாராகாத சாட்சியத்துக்கு இடம் கொடுத்த சந்தர்ப்பம் இது. 'எல்லாம் புனைவே' என்று நாம் அலட்சியமாகச் சொல்கிறபோது புனைவு செய்த இந்த வேலையையும் சேர்த்தே கேவலப்படுத்துகிறோம்.

சொல்லைப் பற்றியும் ஒன்று. 'ஃபாண்டம்' என்பதை 'மாய உறுப்பு' என்று தமிழாக்கினால் மாயை, பொய்த்தோற்றம் என்ற சரக்கெல்லாம் கூடவே வந்துவிடுகிறது. 'பேயுறுப்பு' என்பது பரவாயில்லை. பேய் குறைந்தபட்சம் ஆளைப் பிடிக்கும், அடிக்கும். சித்தப்பா எந்தப் பேரும் வைக்கவில்லை. 'இவன்' என்பார்.

6

இனி, என் பழைய கட்டுரை சாய்ந்து நின்ற தூணுக்கு வருகிறேன். 1984இல் மைக்கேல் மெர்செனிச் குழு குரங்கின் விரலை வெட்டிவிட்டு, சில மாதங்களில் மூளையில் அந்த விரலின் இடத்தில் பக்கத்து விரல்களின் தொடுகை பதிலளிப்பதைக் காட்டியது. 1991இல், கை நரம்பு துண்டிக்கப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்த குரங்குகளின் மூளையில், கையின் பகுதி முகத் தொடுகைக்குப் பதிலளிப்பதாக டிம் பான்ஸ் குழு எழுதியது. (இவை மேரிலாண்டின் சில்வர் ஸ்பிரிங் குரங்குகள். அமெரிக்காவில் விலங்குவதைக்கு எதிரான இயக்கத்தையே கிளப்பிவிட்ட வழக்கு இவற்றினுடையது.) 1992இல் ராமச்சந்திரன், கை இழந்தவரின் முகத்தைத் தொட்டபோது அவர் அதை இல்லாத விரல்களிலும் உணர்ந்ததைப் பதிவு செய்தார். கண்ணாடிப் பெட்டி வைத்து, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையாகக் காட்டிச் சிலரின் இறுக்கத்தைத் தளர்த்தவும் செய்தார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். விலையுயர்ந்த கருவி இல்லாமல், பஞ்சுக் குச்சியும் கண்ணாடியும் வைத்துக்கொண்டு, நோயாளியிடம் உட்கார்ந்து கேட்டார். அந்த எளிமை இன்றும் எனக்குப் பிடிக்கும்.

ஆனால் கதையாடலைக் கவனியுங்கள். காலி மனையைப் பக்கத்து வீட்டுக்காரன் வளைத்துப் போட்டுக்கொண்டான். கையின் இடம் முகத்துக்குப் போய்விட்டது. துப்பறியும் கதைபோல விறுவிறுப்பாகச் சொல்லப்பட்ட இந்தக் கதை உலகத்தையே சுற்றியது. 'மூளை எதையும் மாற்றி எழுதிக்கொள்ளும்' என்ற முழக்கமாகி, சுயமுன்னேற்ற வியாபாரம் வரைக்கும் போனது. நாமோ அதைப் 'பிரதிக்கு நிலைத்த மையம் கிடையாது' என்று மொழிபெயர்த்துக்கொண்டோம்.

பிறகு வந்த ஆய்வுகள் கதையைக் கலைத்தன. 2013இல் டமார் மேகின் குழு, கை இழந்தவர்களை ஸ்கேனுக்குள் படுக்க வைத்து இல்லாத கையை அசைக்கச் சொன்னது. கைக்குரிய இடம் வேலை செய்தது. வலி அதிகம் என்றவர்களிடம் அந்த இடம் கூடுதலாக இயங்கியது. 2014இல் ஹரியானாவின் மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் நீரஜ் ஜெயின் குழு, தண்டுவடம் காயம்பட்ட குரங்குகளில் முகம் கையின் இடத்துக்குள் நுழைந்த மாற்றம் புறணியில் நடந்ததல்ல, கீழே முகுளத்து நிறுத்தத்தில் நடந்தது என்று காட்டியது. 2025இல் வெளியான மேகின் குழுவின் ஆய்வு மூன்று பேரைக் கை வெட்டப்படுவதற்கு முன்பும் பின்பும் பின்தொடர்ந்தது. பின்தொடர்தல் ஐந்தாண்டு வரை நீண்டது. கையின் வரைபடம் பெரும்பாலும் அப்படியே இருந்தது. மூன்று பேர்தான் என்று சொல்லலாம். ஆனால் முன்னும் பின்னும் ஒரே ஆளைப் பார்த்தது இதன் பலம்.

மூளை மாறுவதே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. பழகினால் மாறும். கற்றுக்கொள்கிறோமே. வலிக்குக் காரணமும் இன்னும் தீர்ந்தபாடில்லை. வெட்டுப்பட்ட நரம்பின் முனையில் வளரும் முடிச்சுகளும் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். கண்ணாடிப் பெட்டி சிலருக்கு உதவுகிறது, சிலருக்கு இல்லை. ஆனால் ஒன்று தெளிவு. மனை காலியாகவே இல்லை. முகத்தைத் தொட்டு ஆராய்ந்தவர்கள் முகத்தைக் கண்டார்கள். 'உன் இல்லாத விரலை அசை' என்று கேட்டவர்கள் விரலைக் கண்டார்கள். எதைக் கேட்டோம் என்பதில் இருக்கிறது விஷயம்.

7

மருத்துவரும் நானும் சந்தித்துக்கொண்ட இடம் இப்போது தெரிகிறது. பொருள் இல்லை, ஆகவே வலி இல்லை என்றார் அவர். எல்லாம் கட்டமைப்பு, ஆகவே இந்த வலிக்குத் தனி அந்தஸ்து இல்லை என்றேன் நான். இரண்டு பேரும் அந்த ஆளிடம் கேட்கவில்லை. வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020இல் தன் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் வலி என்று சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்று குறிப்பில் சேர்த்தது. பென்ஃபீல்ட் 1937க்கு முன்பே தன் மேசையில் செய்துகொண்டிருந்தது ஏறக்குறைய அதைத்தான். யாருடைய பேச்சு வரைபடமாகிறது, யாருடைய பேச்சு பிரமையாகிறது என்பதுதான் இங்கே அரசியல். பட்டறைத் தொழிலாளியின் பேச்சு எந்தப் பக்கம் விழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

விமர்சகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அனுபவம் கட்டப்பட்டது என்று சொல்லுங்கள், தப்பில்லை. எந்தப் பாதையில், எத்தனை வருஷத்து உழைப்பால் கட்டப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சித்தப்பாவின் விரல் முப்பது வருஷம் இரும்பைத் தொட்டுத் தொட்டு மூளைக்குள் தன் இடத்தைக் காட்டியபடி இருந்தது. பிரஸ் அதை வெட்டியது ஒரு நொடியில். நொடியில் வெட்டியதால் முப்பது வருஷமும் போய்விடாது.

தொழிற்சங்க நண்பர்களுக்கு இன்னொன்று. அடுத்த தடவை நஷ்டஈட்டு மனு எழுதும்போது, எந்த விரல் போனது என்பதோடு எந்த விரல் இன்னும் போகவில்லை என்பதையும் கேட்டு எழுதுங்கள். அட்டவணையில் அதற்கு இடமில்லாமல் இருக்கலாம். மனுவில் இருக்கட்டும்.

இதை எழுதி முடித்துச் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். "டாக்டர் சொன்னதுக்கு இது தேவலை" என்றார். பிறகு, இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் நான் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நடுவிரல் சும்மாத்தான் இருக்கு. இவன்தான் காலையிலருந்து மடங்கியே கெடக்கான்" என்று சொல்லி, ஆள்காட்டி விரல் இருந்த இடத்தைக் காட்டினார்.