‘படம் எப்படி சார்?’

2003 பொங்கல் சமயம். சென்னையில் ஒரு தியேட்டரில் ‘அன்பே சிவம்’ பார்த்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தேன். மதியக் காட்சி. பாதி சீட் காலி. டிக்கெட் கவுன்ட்டர் அருகில் ஓர் இளைஞர், பக்கத்தில் புதுப்புடவையில் மனைவி. பர்ஸிலிருந்து பணத்தை எடுத்துவிட்டார். என்னைப் பார்த்ததும் லேசான தயக்கம். “படம் எப்படி சார்?”

எனக்கு நல்ல பசி. ஸ்கூட்டரை வேறு யாரோ குறுக்கே மறித்து நிறுத்தியிருந்தார்கள். “சுமார்தான். கொஞ்சம் பேச்சு ஜாஸ்தி” என்றேன். பணம் பர்ஸுக்குள் திரும்பிப் போயிற்று. இருவரும் ‘தூள்’ ஓடிக்கொண்டிருந்த தியேட்டரை நோக்கி நடந்தார்கள்.

‘அன்பே சிவம்’ அந்தப் பொங்கலில் வசூலாகவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அப்புறம் டி.வி.யில் திரும்பத் திரும்பப் போட்டு, ஒரு தலைமுறைக்கே பிடித்த படமாகிவிட்டது. ‘நான் அப்பவே தியேட்டர்ல பார்த்தேன்’ என்று இன்று சொல்கிறவர்கள் அத்தனை பேரும் நிஜமாகவே பார்த்திருந்தால் வெள்ளிவிழா கண்டிருக்கும்.

சில வருஷம் கழித்து நானும் டி.வி.யில் மறுபடி பார்த்தேன். பிரமாதமாக இருந்தது. படத்தில் ஒரு ஃப்ரேம்கூட மாறவில்லை. இடையில் ஒரு மழை ராத்திரி, நடுவழியில் ரயில் நின்றுபோய், முன்பின் தெரியாத ஒரு மனிதர் தன் சப்பாத்தியில் பாதியைப் பிய்த்து எனக்குக் கொடுத்திருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதிலிருந்து மக்களின் சினிமா அபிப்பிராயங்களைக் கவனமாகக் கேட்க ஆரம்பித்தேன். என் அனுபவத்தில் சேர்ந்த ஒரு சின்ன அகராதி:

சூப்பர்: என் ஹீரோ படம்.

சுமார்: உன் ஹீரோ படம். நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒத்துக்க மாட்டேன்.

ஒரு தடவை பார்க்கலாம்: நான் காசு கொடுத்துட்டேன், நீயும் கொடு.

செகண்ட் ஹாஃப் இழுவை: இடைவேளையில் வாங்கின பாப்கார்ன் தீர்ந்துபோச்சு.

டீசன்ட்டான படம்: தூங்கிட்டேன்.

சீரியல் விஷயத்தில் இது இன்னும் சிக்கல். எதிர் ஃப்ளாட் மாமி, “இந்தக் கண்றாவியை எல்லாம் யார் பார்ப்பா?” என்பார். 2002-லிருந்து 2005 வரை ஓடிய ‘மெட்டி ஒலி’யை 2020 ஊரடங்கில் சன் டி.வி. மறுபடி ஒளிபரப்பியபோது, அடுத்த காட்சியில் யார் அழப்போகிறார்கள் என்று மாமி முன்கூட்டியே சொன்னார். ஐந்து பெண்களைப் பெற்ற அப்பாவின் கதை அது. மாமியும் ஐந்து பெண்களில் மூத்தவர். ‘கண்றாவி’ என்பது வாய் சொன்னது. கண் வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. டி.ஆர்.பி. மீட்டர், வீட்டில் எந்த சேனல் ஓடுகிறது, எத்தனை நேரம் ஓடுகிறது என்று கணக்கெடுக்கும். ஏன் ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது.

இதெல்லாம் இப்போது எதற்கு என்கிறீர்களா? 2024 நவம்பரில் தயாரிப்பாளர் சங்கம், தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப்காரர்கள் ரசிகர்களிடம் கருத்துக் கேட்பதை அனுமதிக்காதீர்கள் என்று தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டது. படம் வெளியாகி முதல் 3 நாள் விமர்சனமே கூடாது என்று உயர் நீதிமன்றம் வரை போனார்கள். டிசம்பரில் கோர்ட் தடை விதிக்க மறுத்துவிட்டது.

தயாரிப்பாளரின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. இரண்டு வருஷ உழைப்பை, முகத்துக்கு நேரே மைக் நீட்டியதும் உற்சாகமாகிவிட்ட ஒருவர் 20 செகண்டில் ‘மொக்கை’ என்று முடித்துவிடுகிறார். ஆனால், டிக்கெட் வாங்கினவர் வாயை மூடுவது வைத்தியமல்ல. சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்று சொல்ல சமையல் தெரிந்திருக்க வேண்டாம். அதை அப்படியே நம்பலாம். “சமையல்காரரை மாத்துங்க” என்று அவரே தொடர்ந்தால், அங்கேதான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சாதாரண ரசிகர் தனக்கு எங்கே போரடித்தது என்பதைப் பெரும்பாலும் சரியாகவே சொல்கிறார். ஏன் போரடித்தது என்பதில்தான் தப்பு விடுகிறார். விமர்சகர்கள் பலர் இதற்கு நேர் எதிர். காரணமெல்லாம் பிரமாதமாகச் சொல்வார்கள், போரடித்ததா இல்லையா என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

தவிர, அபிப்பிராயங்களுக்கு எப்போதும் அப்பீல் உண்டு. 1991 தீபாவளிக்கு ‘தளபதி’யுடன் மோதியது ‘குணா’. ஜெயித்தது ‘தளபதி’. 33 வருஷம் கழித்து, 2024-ல் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படத்தில் அதே குகையும் அதே பாட்டும் வந்தபோது தியேட்டரே கைதட்டியது. தட்டியவர்களில் பலர் 1991-ல் பிறந்திருக்கவே மாட்டார்கள். தீர்ப்பு மாறிவிட்டது. போட்ட பணம் மட்டும் திரும்பி வராது.

அதனால் உங்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த முறை தியேட்டர் வாசலில் யாராவது ‘படம் எப்படி?’ என்று கேட்டால் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லாதீர்கள். எங்கே சிரித்தீர்கள், எங்கே செல்போனை எடுத்துப் பார்த்தீர்கள், யாரோடு போனீர்கள் என்று சொல்லுங்கள். தலைவலியோடு போயிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். மீதியைக் கேட்கிறவர் தீர்மானித்துக்கொள்வார்.

அன்றைக்கு நான், “பசியோட பார்த்தேன் தம்பி. கடைசியில் கொஞ்சம் கண் கலங்கிச்சு” என்று சொல்லியிருக்கலாம். அது நிஜமும்கூட.

அந்தத் தம்பதியின் பிள்ளைக்கு இப்போது காலேஜ் போகிற வயசு இருக்கும். ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவருமாக உட்கார்ந்து டி.வி.யில் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள். ‘நல்லாத்தானே இருக்கு... அன்னிக்கு எந்தப் புண்ணியவான் சுமார்னு சொன்னான்?’ என்று அந்த அம்மாள் கட்டாயம் கேட்டிருப்பார்.