கோடும் கிரீடமும்: ஓவியர் கே. எம். ஆதிமூலத்தின் படைப்புகளைக் குறித்து

கிறிஸ்தவக் கலை என்று நம்மிடையே பேச்சு எழும்போதெல்லாம் அது பெரும்பாலும் படத்தின் பொருளைப் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகிறது. படத்தில் இயேசு இருக்கிறாரா, மேய்ப்பனும் ஆடும் இருக்கின்றனவா, சிலுவை உண்டா என்று பார்க்கிறோம். உண்டெனில் அது நமக்குரியது; இல்லையெனில் உலகத்தாருக்குரியது. வார்னர் சால்மன் 1940இல் தீட்டிய கிறிஸ்துவின் முகம் அச்சகங்களின் வழியே நம் வீட்டுச் சுவர்களுக்கு வந்து சேர்ந்ததும், அதற்குப்பின் வேறொரு முகத்தை நாம் தேடாமற்போனதும் இப்பார்வையின் விளைவுகளே.

சில ஆண்டுகளுக்குமுன் புதுக்கோட்டைச் சேகரத்திற்குக் கிராமப் பணிப் பயிற்சிக்காக வந்திருந்த இறையியல் மாணவர் சிலருக்கு, ஆதிமூலம் வரைந்த காந்தி ஓவியம் ஒன்றின் அச்சுப்படியைக் காட்டினேன். அவர்களுள் ஒருவர் நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது, ஐயா. ஆனால் இதைக் கொண்டு நாங்கள் எதைப் பிரசங்கிப்பது?" என்று கேட்டார். கேள்வி நேர்மையானது. அன்று நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை.

கே. எம். ஆதிமூலம் 1938இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக் கீரனூரில் பிறந்தவர். சென்னை அரசு கலைத்தொழிற் கல்லூரியில் பயின்று 1966இல் பட்டயம் பெற்றார். அந்நாளில் அக்கல்லூரியின் முதல்வராயிருந்தவர் கே. சி. எஸ். பணிக்கர், சிற்பி எஸ். தனபால் ஆசிரியர்களுள் ஒருவர். ஒளியையும் நிழலையும் கொண்டு உருவத்தைத் திரட்டிக் காட்டும் மேனாட்டு முறையை விடுத்து, நம் சுவரோவியங்களிலும் சிற்பங்களிலும் கோலங்களிலும் வாழ்ந்துவரும் கோட்டையே தமக்குரிய மொழியாகக் கொள்ளவேண்டும் என்னும் தேடல் அங்கு வலுப்பெற்றிருந்தது. அத்தேடலில் ஈடுபட்டவர் பலர். எனினும் கருமையும் வெண்மையும் மட்டுமே போதுமென்று கொண்டு, ஒரு பேனாவின் முனையால் இத்தனை தொலைவு சென்றவர் அவர்களுள் சிலரே.

1969இல் காந்தியடிகளின் நூற்றாண்டு வந்தது. சிலைகளும் தபால்தலைகளும் மலர்களும் மலிந்த அவ்வாண்டில், ஆதிமூலம் காந்தியைப் பொருளாகக் கொண்ட நூறு கோட்டோவியங்களைக் காட்சிக்கு வைத்தார். அவருடைய பெயர் பரவலாக அறியப்பட்டது இவற்றால்தான். இப்படங்களில் காந்திக்குப் பின்னணி என்று ஒன்று பெரும்பாலும் இல்லை. வெறுந்தாளே அவர் நிற்கும் நிலம். சில படங்களில் நாலைந்து கோடுகளோடு உருவம் முடிந்துவிடுகிறது. வேறு சிலவற்றில் முகத்தின் சுருக்கங்கள் உழுத வயல்போல நெருங்கிக் கிடக்கின்றன. எவ்வகையாயினும் ஓவியர் சேர்த்துக்கொண்டே செல்லவில்லை, கழித்துக்கொண்டே செல்கிறார். ஆடையைக் கழித்து, சதையைக் கழித்து, இன்னும் எதை நீக்கலாம் என்று வினவிய மனிதரை வரைய அதே வினாவைத் தம் பேனாவிடமும் கேட்டிருக்கிறார் எனலாம். பிலிப்பியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை வகுப்பில் விளக்கும்போது, வெறுமையாதல் என்பதை ஒரு கோட்பாடாக மட்டுமே நாம் சொல்லிச் செல்கிறோம். இங்கே அது ஒரு செய்முறையாகக் கண்முன் நிற்கிறது. காந்தியைக் கிறிஸ்துவாக்குவது என் நோக்கமன்று. அத்தகைய பிரசங்கங்களை நாம் வேண்டிய அளவு கேட்டாயிற்று.

காந்திக்குப்பின் அவர் கையில் எடுத்துக்கொண்ட பொருள் எவரும் எதிர்பாராதது. அரசரையும் அரசியரையும் வரையலானார். தலைப்பாகை, ஆரம், வாள், பட்டாடை என யாவும் உண்டு. ஆனால் உற்று நோக்கினால் அவ்வுருவங்கள் மழையில் கரைந்த சுதைச் சிற்பங்கள்போலச் சிதைந்திருக்கின்றன. ஆடையின் வேலைப்பாடும் தோலின் சுருக்கமும் ஒரே வகைக் கோடுகளால் ஆனவை. எது மனிதன், எது அணிகலன் என்று பிரித்துக் காண இயலவில்லை. அணிகளைக் கழற்றினால் உள்ளே எவரும் இரார் என்றே தோன்றுகிறது. முன்னாள் மன்னர்களின் மானியத்தை அரசமைப்பின் 26ஆம் திருத்தம் ஒழித்தது 1971இல். இப்படங்களும் அப்பத்தாண்டுக்குரியவை. அதனால் இவற்றை அரசியல் கேலிச்சித்திரங்கள் என்று கொள்ளலாகாது. கேலியைவிட இரக்கமே இவற்றில் மிகுதி.

புதுக்கோட்டையில் வாழ்வோருக்கு இவ்வரசர்கள் அயலார் அல்லர். 1948 மார்ச் 3ஆம் நாள் இந்திய ஒன்றியத்தோடு இணையும்வரை இது தொண்டைமான்களின் சமஸ்தானம். 1974 ஜனவரி 14இல் தனி மாவட்டம் அமைந்தபின் அரண்மனையே ஆட்சியர் அலுவலகமாயிற்று. தம் பாட்டன்மார் எளிதில் நுழைந்திருக்க இயலாத கட்டடத்தில் இன்று மக்கள் திங்கட்கிழமைதோறும் மனுக்களோடு காத்திருக்கின்றனர். நகருக்கு வடமேற்கே சித்தன்னவாசலில், ஒன்பதாம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் புதுப்பித்த சமணக் குடைவரையின் தூணொன்றில் ஓர் அரசனும் அவன்பின் அரசியும் தீட்டப்பட்டுள்ளனர். வண்ணம் பெரும்பாலும் போய்விட்டது. பெரிய கிரீடத்தின் வரைகோடுகளும் முகத்தின் சாயலுமே மீந்திருக்கின்றன. காலம் ஆயிரம் ஆண்டுகளில் ஓர் அரசனுக்குச் செய்ததை ஆதிமூலம் ஒரே அமர்வில் செய்துவிடுகிறார் என்று, அந்தத் தூணின்முன் நின்றபோது நினைத்துக்கொண்டேன்.

அம்மாணவரின் கேள்விக்கு விடை இங்கேதான் எனக்குத் தென்பட்டது. காந்தி படங்களையும் அரசர் படங்களையும் தனித்தனியே வைத்துப் பேசுதல் போதாது. அவற்றை அடுத்தடுத்து வைத்துக் காணவேண்டும். ஒன்றில் அணியற்ற உடல்; மற்றொன்றில் உடலற்ற அணி. இரண்டையும் வரைந்தது ஒரே பேனா. இனி மாற்கு சுவிசேஷத்தின் 15ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். போர்ச்சேவகர் சிவப்பு அங்கியையும் முட்கிரீடத்தையும் ஒரு கைதியின்மேல் ஏளனமாக அணிவித்துப் பின்னர் கழற்றுகின்றனர். அரச அணிகள் போய்விடுகின்றன. அடிபட்ட உடல் அங்கேயே நிற்கிறது. ஆதிமூலத்தின் அரசர்களுக்கு நேர்வதற்கு இது நேர்மாறு. அரசன் வேண்டுமென்று கேட்ட மக்களைச் சாமுவேல் எச்சரித்ததும், நம் திருச்சபைகளில் அங்கிகளும் பட்டங்களும் பெருகி வருவதும் இவ்விடத்தில் நினைவுக்கு வராமற்போகா.

குறையும் உண்டு. அரசர் வரிசையில் சில படங்கள், தாம் கலைக்க முற்பட்ட அலங்காரத்திலேயே மயங்கிவிடுகின்றன. கோட்டின் நெசவு அத்துணை அழகாயிருப்பதால் சிதைவும் ஓர் அணியாகிவிடுகிறது. காந்தி படங்களில் இருந்த சிக்கனம் அங்கு இல்லை.

இக்கோடு கண்காட்சிக் கூடத்தோடு நின்றுவிடவில்லை என்பது பெரிதும் கருதத்தக்கது. 1970இல் தொடங்கிய 'கசடதபற' போன்ற சிற்றிதழ்களிலும், நவீன தமிழ் நூல்களின் அட்டைகளிலும், தலைப்பெழுத்துகளிலும் அவர் கை உண்டு. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் தொடராக வந்தபோது அதற்குப் படம் வரைந்தவரும் அவரே. தேநீர்க் கடையில் இதழைப் புரட்டியவரும் நவீன ஓவியரின் கோட்டை அறியாமலே அறிந்துகொண்டார். நம் சபைப் பத்திரிகைகளோ இன்றும் பிறநாட்டுப் படங்களையே மறுபடி மறுபடி அச்சிடுகின்றன.

1970களின் பிற்பகுதியிலிருந்து அவர் எண்ணெய் வண்ணத்தில் அருவ ஓவியங்களைத் தீட்டலானார். மனித உருவம் மறைந்தது. நிலம், வெளி, ஒளி என்று உணரத்தக்க வண்ணப் பரப்புகளே எஞ்சின. செசானின் நிலைப்பொருள் ஓவியத்திலோ வான்கோவின் மரத்திலோ உள்ள புனிதம், ஊடே வரைந்த இயேசு படத்தில் உள்ளதைவிட மிகுதி என்று பால் டில்லிக் கூறியதை மாணவர் அறிவர். அக்கூற்றை ஏற்போர் இவ்வண்ணத் திரைகளின்முன் நெடுநேரம் நிற்கக்கூடும். என்னால் அவ்வளவு நேரம் நிற்க இயலவில்லை. சிறந்தவற்றில் ஒரு மௌனம் உண்டு. மற்றவற்றில் மௌனத்தின் பழக்கமே உண்டு. வெற்றி பெற்ற எந்த ஓவியருக்கும் நேரக்கூடிய தளர்ச்சி இது. ஆயினும் வண்ணத்தில் மூழ்கிய ஆண்டுகளிலும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிடவில்லை என்பது ஆறுதல்.

2008 ஜனவரி 15ஆம் நாள் அவர் சென்னையில் காலமானார். 1962 முதல் 1996 வரை வரைந்த கோட்டோவியங்களின் தொகுப்பு 'பிட்வீன் தி லைன்ஸ்' என்னும் ஆங்கில நூலாக வெளிவந்திருக்கிறது. நம் இறையியற் கல்லூரி நூலகங்கள் விளக்கவுரைகளுக்குச் செலவிடும் தொகையில் ஒரு சிறு பகுதியை இத்தகைய நூலுக்கும் ஒதுக்கலாம். பழைய இதழ்களைத் தேடுவோர் புதுக்கோட்டையிலுள்ள ஞானாலயா நூலகத்தில் விசாரித்துப் பார்க்கலாம். அம்மாணவர் இப்போது ஒரு கிராமச் சேகரத்தில் ஆயராக இருக்கிறார். அந்த அச்சுப்படியைத் தமக்குத் தருமாறு சென்ற ஆண்டு எனக்கு எழுதினார், அனுப்பிவைத்தேன்.