நடிப்பவர்களை நடித்தவர்கள்

'புதிய பறவை'யை முதல் தடவை பார்க்கிறவர் கோபாலைத்தான் பார்ப்பார். சிவாஜி படத்தில் வேறு யாரைப் பார்ப்பது? இரண்டாம் தடவைதான் கண் மெல்ல நகர்ந்து பக்கத்தில் நிற்பவர்கள்மேல் விழும். விழுந்ததும் ஒரு திகைப்பு. கோபாலைச் சுற்றி நிற்கும் நாலு பேரும் கதைக்குள்ளேயே நடித்துக்கொண்டிருக்கிறார்கள். காதலி, காதலியின் அப்பா, செத்துப்போய்த் திரும்பிவந்த மனைவி, மனைவியின் மாமா எல்லோரும் போலிஸ். (படம் வந்து அறுபது வருடம் தாண்டிவிட்டது. முடிவைச் சொல்லிவிட்டேன் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

நான் முதலில் பார்த்தது சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத் திடலில், எழுபதுகளின் நடுவில். இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். லயத்து வீடுகளிலிருந்து பாயும் சாக்கும் தூக்கிக்கொண்டு சனம் வந்து சேரும். விடிகாலைப் பெரட்டுக்குப் போகவேண்டியவர்கள்கூட எழுந்து போகமாட்டார்கள். ரயிலைப் பார்த்ததும் கோபாலின் முகம் மாறும் இடத்தில், ஈப்போவிலிருந்து வடக்கே போகிற நிஜ ரயில் பால்மரங்களுக்கு அப்பால் கூவிக்கொண்டு போனது. அது அன்றைக்கா, வேறொரு நாளா என்று கேட்டால் சத்தியம் செய்யமாட்டேன். ஞாபகம் இரண்டையும் சேர்த்துத் தைத்துவைத்திருக்கிறது.

படம் வெளியானது 1964 செப்டம்பர் 12. தாதா மிராசி இயக்கம், ஆரூர்தாஸ் வசனம், விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசை. கதைக்கு மூலம் உத்தம்குமார் நடித்த 'சேஷ் அங்கா' என்ற வங்காளப் படம். அதற்கும் முன்னால் 1958இல் வந்த ஓர் ஆங்கிலப் படம். கோபால் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் ஊருக்குத் திரும்பும் பணக்காரன். படம் வந்த சமயம் சிங்கப்பூர் மலேசியாவின் ஒரு மாநிலம். பிரிந்தது அடுத்த வருடம் ஆகஸ்டில். ஆகவே பிற்பாடு பார்த்த எங்கள் தோட்டத்துப் பெரியவர்களுக்கும் கோபால் வெளியூர்க்காரனாகத் தோன்றவில்லை. மலாயாவுக்கு வந்து பால் வெட்டப் போகாமல் பிழைத்துக்கொண்ட ஒருத்தன், அவ்வளவுதான். எங்களுக்குத் தெரிந்த ஒரே பெரிய வீடு துரை பங்களா. திரையில் அந்த மாதிரி வீட்டுக்குள் ஒரு தமிழன் கோட்டு சூட்டோடு நடந்தான்.

சரி, அந்த நாலு பேர். வி.கே.ராமசாமியிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவரை யாரும் பேசுவதில்லை. 1947இல் 'நாம் இருவ'ரில் கிழவராக வந்தபோது அவருக்கு இருபது வயதுதான் கடந்திருந்தது. அன்றிலிருந்து தமிழ்ச் சனம் அவரை அப்பாவாகவே பார்த்துப் பழகியிருக்கிறது. காதலி லதாவின் அப்பா ராமதுரையாக அவர் கப்பலில் ஏறும்போது அந்தப் பதினேழு வருட நம்பிக்கையும் கூடவே ஏறுகிறது. அவர் தனியாக எதுவும் செய்யவில்லை. மகளுக்கு நல்ல இடம் அமையாதா என்று ஏங்குகிற தகப்பனாகச் சிரிக்கிறார், சாப்பிடுகிறார், பேசுகிறார். ஒருவரை நம்பவைக்க அவரையே தேர்ந்தெடுத்தது நடிகர் தேர்வு என்பதற்கே ஒரு பாடம்.

மனைவியின் மாமாவாக வரும் எம்.ஆர்.ராதா இதற்கு நேர் எதிர். 'ரத்தக்கண்ணீர்' பார்த்த யாரும் அந்த முகத்தை நம்பமாட்டார்கள். குரல் கீழே உறுமிக்கொண்டிருந்து சட்டென்று மேலே தாவும்போதே, இவன் ஏதோ சொத்துக்கு வலை போடுகிறான் என்று மனம் முடிவுகட்டிவிடும். அந்த முடிவு நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது? கோபாலின் பக்கத்தில். கொலையை மறைத்தவனுக்காக நாம் பதறுகிறோம், ராதா எதிரே நிற்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக.

சரோஜாதேவியைப் பற்றி எல்லோரும் சொல்வது அந்த "கோப்பால்" அழைப்பைத்தான். மிமிக்ரிக்காரர்கள் அதைத் தேய்த்துத் தேய்த்துக் கேலியாக்கிவிட்டார்கள். படத்தில் அது கேலியில்லை. கன்னட வாடை கலந்த அந்தக் கொஞ்சல் தமிழுக்குள் ஒரு போலிஸ்காரி ஒளிந்திருப்பாள் என்று எவருக்குத் தோன்றும்? லதா கேள்வி கேட்பது விசாரணை மாதிரியே இராது, அக்கறை மாதிரி இருக்கும். ரயிலைக் கண்டு ஏன் பயம், மனசில் என்ன பாரம் என்று காதலி கேட்டால் எந்த ஆணும் பதில் சொல்லிவிடுவான். இரண்டாம் தடவை பார்க்கும்போது அந்த இனிப்பில் லேசாகக் கசப்பு தட்டுகிறது.

ஆனால் என் ரசனை நிலைத்து நிற்பது சௌகார் ஜானகியிடம்தான். அதுவரை சௌகார் என்றால் அழுகை, பொறுமை, குடும்பப் பெண். மூன்று வருடத்துக்கு முன் 'பாலும் பழமும்' படத்திலும் சிவாஜி, சரோஜாதேவி, சௌகார் மூவரும் இருந்தார்கள். அதில் ரயில் விபத்தில் செத்துவிட்டதாக நினைக்கப்படும் மனைவி சரோஜாதேவி. அந்த இடத்துக்கு வரும் இரண்டாம் மனைவி சௌகார். 'புதிய பறவை' அதே முகங்களை வைத்து ஆட்டத்தைத் தலைகீழாக்கியது. ரயிலில் அடிபட்டுச் செத்ததாகச் சொல்லப்படும் மனைவி இப்போது சௌகார், புதிதாக வருபவள் சரோஜாதேவி. அன்றைய ரசிகன் மனசுக்குள் இந்தக் குழப்பம் தானாகவே வேலை செய்திருக்கும்.

சௌகாருக்கு இங்கே இரண்டு வேலை. சிங்கப்பூர் இரவு விடுதியில் பாடுகிற, குடித்துவிட்டு வீடு திரும்புகிற சித்ரா ஒருத்தி. நிச்சயத்தன்று வாசலில் வந்து நின்று நான்தான் சித்ரா என்கிறவள் இன்னொருத்தி. முதல் சித்ராவை நாம் நேரில் பார்க்கவில்லை, கோபால் சொல்லும் கதைக்குள்தான் பார்க்கிறோம். அவன் மனசில் அவள் எப்படிப் பதிந்திருக்கிறாளோ அப்படி, கொஞ்சம் சத்தமாக, கொஞ்சம் அசிங்கமாக. வந்து நிற்பவளோ நிதானமானவள். வீட்டு ரகசியங்களைக் கைப்பையைத் திறப்பதுபோல் ஒவ்வொன்றாக எடுத்துப் போடுகிறாள். இரண்டுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளியை விட்டுவைத்திருக்கிறார் சௌகார். இவள் போலியாக இருக்கலாம், அல்லது அவன் சொன்ன கதை பொய்யாக இருக்கலாம் என்று இரண்டு பக்கமும் சாய்கிற அளவு. அந்த இடைவெளி ஒரு பிடி கூடியிருந்தால் படம் அங்கேயே முடிந்திருக்கும்.

சிவாஜிக்கு வருகிறேன். மிகை நடிப்பு என்று ஈப்போ கோப்பிக்கடையில் என் நண்பர்கள் இன்றும் சண்டை பிடிப்பார்கள். இந்தப் படத்தில் அவர் முக்கால்வாசி நேரம் நடிப்பது நிம்மதியாக இருக்கிற ஒரு மனிதனை. கோபாலும் நடிகன்தான், குற்றமில்லாதவனாக நடிக்கிறவன். அந்தப் பகுதிகளில் சிவாஜி எவ்வளவு அடக்கம் என்று கவனியுங்கள். சிரிப்பு கண் வரை போகாது, பேச்சு ஒரு கணம் பிந்தும். கடைசியில், ஓங்கி அறைந்ததில் பலவீனமான இதயம் நின்று சித்ரா செத்ததையும், உடலைத் தண்டவாளத்தில் கிடத்தியதையும் கொட்டுகிறபோதுதான் முழுச் சிவாஜியும் வெளியே வருகிறார். கோபால் கதைக்குள் நடிப்பை நிறுத்தும் ஒரே இடம் அது. அங்கேதான் சிவாஜி அதிகமாக நடிக்கிறார். குறை சொல்கிறவர்கள் இந்த ஒன்றை யோசித்துவிட்டுச் சொல்லலாம்.

குறை இல்லாமல் இல்லை. நாகேஷ் - மனோரமா பகுதி சிரிக்கவைக்கும், ஆனால் இறுகிவரும் கயிற்றைத் தளர்த்திவிடும். வாக்குமூலம் ஒன்றுக்காக இத்தனை பேரை இத்தனை நாள் வேஷம் போடவைக்கும் போலிஸை எந்த நாட்டிலும் காட்டமுடியாது.

'புதிய பறவை'யின் பலம் பழகிய முகங்கள். நம் மலேசியத் தமிழ்ப் படங்களுக்கு வேறொரு பலம் உண்டு. சஞ்சை குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015), தோட்டங்கள் உடைந்தபின் புறம்போக்கு வீடுகளுக்குத் தள்ளப்பட்டவர்களின் கதை. அதில் வரும் முகங்கள் பெரும்பாலும் எனக்குப் புதியவை. ராமசாமியை நம்பியதுபோல் நம்பவும் முடியாது, ராதாவைச் சந்தேகித்ததுபோல் சந்தேகிக்கவும் முடியாது. அடுத்து யார் கை ஓங்கும் என்று தெரியாமலே உட்கார்ந்திருந்தேன்.

2025 ஜூலை 14 அன்று சரோஜாதேவி காலமானார். அந்த வாரம் ஈப்போ புந்தோங்கில் பெரியம்மா வீட்டில் 'புதிய பறவை'யை மறுபடி போட்டோம். தோட்டம் செம்பனையாகி, சனமெல்லாம் தாமான்களுக்குக் குடிபோய் வெகுநாளாயிற்று. பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கடைசியில், வேஷம் போட்டு வந்தாலும் காதல் நிஜம் என்று லதா கண்ணீரோடு சொன்னபோது, கச்சாங் பூத்தே கொறித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"இத்தன நேரம் நடிச்சவ. இத மட்டும் எப்படிடா நம்புறது?"

அந்தக் காட்சியை அப்புறம் நான் மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். சரோஜாதேவி முகத்தில் எனக்கு விடை கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்தால் சொல்லுங்கள், பெரியம்மாவிடம் சேர்த்துவிடுகிறேன்.