இயல்புநிலை உருவப்படமும் சூழலின் எல்லையும்: எட்கர் டெகாவின் பருத்தி அலுவலக ஓவியத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்
மாந்தரை ஓவியர்முன் அமர்த்திவைத்த தோற்றமின்றி, அவரவர் அன்றாடச் சூழலிலேயே தீட்டுவதை இயல்புநிலை உருவப்படம் எனலாம். பிரெஞ்சு ஓவியர் எட்கர் டெகாவின் ‘நியூ ஓர்லியன்ஸில் ஒரு பருத்தி அலுவலகம்’ (1873) சூழலை எவ்வாறு பொருளுடையதாக்குகிறது, எவரை அதற்கு வெளியே நிறுத்துகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: டெகா, உருவப்படம், சூழல், உழைப்பு, பருத்தி வணிகம்.

முன்னுரை
1872ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் டெகா தம் தாய்வழி உறவினரைக் காண அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகருக்குச் சென்றார். அவருடைய தாய்மாமன் மிஷேல் முஸோன் அங்குப் பருத்தி வணிகம் நடத்திவந்தார். அவரது அலுவலகமே இவ்வோவியத்தின் களம்.

சூழலே அடையாளம்
முன்புறத்தில் அமர்ந்துள்ள முஸோன் பருத்தி இழையை விரல்களால் பிரித்துப் பார்க்கிறார். டெகாவின் தம்பியருள் ரெனே செய்தித்தாளில் ஆழ்ந்திருக்க, அஷீல் இடப்புறச் சாளரத்தில் சாய்ந்து நிற்கிறார். வலப்புறத்தில் கணக்கர் பேரேட்டின்மேல் குனிந்திருக்கிறார். பதினான்கு ஆடவர் இடம்பெற்றும் குடும்பப் படத்திற்குரிய வரிசை இல்லை. முகத்தைவிடக் கையும் உடல் சாய்வும் ஒருவரது நிலையை மிகுதியாக உணர்த்துகின்றன. 1876இல் இவ்வோவியம் இரண்டாம் இம்ப்ரெஷனிசக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதே ஆண்டில் எட்மோன் துய்ராந்தி, புதிய ஓவியம் மனிதனை அவன் வாழிடத்திலிருந்து பிரிக்கலாகாது என வாதிட்டார். அவ்வாதத்திற்கு இது தக்க சான்றாகும்.

இயல்பும் திட்டமும்
எனினும் இவ்வியல்பு தற்செயலானதன்று. மான்செஸ்டர் நூற்பாலை உரிமையாளர் ஒருவருக்கு இதனை விற்கும் எண்ணம் டெகாவுக்கு இருந்தது. எனவே, கண்ட காட்சியின் பதிவாக மட்டும் இதனைக் கொள்ள இயலாது. வாங்குவோரை மனத்திற்கொண்டு அமைத்த காட்சியும் ஆகும். முஸோனின் நிறுவனம் 1873இன் தொடக்கத்திலேயே கலைக்கப்பட்டது. இதனைக்கொண்டு தம்பியரின் ஓய்வை வீழ்ச்சியின் குறியாகக் காண்பது எளிது. ஆயினும் அவ்வோய்வுக்கு அருகிலேயே பேரமும் கணக்கெழுத்தும் தடையின்றி நடைபெறுகின்றன. வீழ்ச்சியைப் படம் கூறவில்லை; வரலாற்றை அறிந்த நாமே அதனைப் படத்தில் ஏற்றுகிறோம்.

சட்டகத்திற்கு வெளியே
ஓவியத்தின் நடுவில் மேசை நிறையப் பருத்தி வெண்மையாகப் பரந்துள்ளது. அதனை விளைவித்த கைகளோ அங்கில்லை. அடிமைமுறை 1865இல் சட்டப்படி ஒழிக்கப்பட்ட பின்னரும் லூசியானாவின் பருத்தி வயல்களில் கறுப்பின மக்களின் உழைப்பு தொடர்ந்தது. அலுவலகத்தை வரைந்தவர் வயலையும் வரைந்திருக்க வேண்டும் என்பது இங்கு வாதமன்று. சூழல் மனிதனை முழுமையாக வெளிப்படுத்தும் என்னும் கொள்கையின் எல்லையை இவ்வின்மை காட்டுகிறது என்பதே கருத்து. முஸோனின் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதை அவரது அறை கூறுவதில்லை.

முடிவுரை
1878இல் பிரான்சின் போ நகர அருங்காட்சியகம் இவ்வோவியத்தை வாங்கியது. டெகாவின் படைப்பொன்றை அருங்காட்சியகம் வாங்கியது அதுவே முதன்முறை. இயல்புநிலை உருவப்படம் தோரணையை நீக்கி மனிதனை நெருங்கியது உண்மை. ஆனால் ஒருவரது சூழல் எதுவரை நீள்கிறது என்பதை ஓவியரே வரையறுக்கிறார். ஆகவே, இவ்வகை ஓவியங்களை ஆராய்வோர் உருவங்கள் இயல்பாக உள்ளனவா என்பதோடு நின்றுவிடாமல், அவ்வியல்பு எவரைக் காணாமற் செய்கிறது என்பதையும் வினவுதல் வேண்டும்.