ஒரு போர்டு விமர்சனம்

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறார்கள். புத்தகத்துக்கு எழுதுகிறார்கள். ஹோட்டல் சாம்பாருக்குக்கூட எழுதுகிறார்கள். இந்த வாரம் நான் ஒரு போர்டுக்கு எழுதப்போகிறேன்.

'ஆபத்தான பகுதி. குளிக்கத் தடை.'

ஆறு, ஏரி, அணை, அருவி என்று எங்கே போனாலும் இதை நீங்கள் படித்திருப்பீர்கள். படித்துவிட்டு, சட்டையைக் கழற்றி அதே போர்டின் மேல் மாட்டிவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். நானே மாட்டியிருக்கிறேன். விமர்சனம் எழுத அந்தத் தகுதி போதும்.

மாட்டிய இடம், போடிநாயக்கனூர். மூணாறு போகிற சாலையில், கொட்டகுடி ஆற்றின் குறுக்கே இருக்கிற அணைப்பிள்ளையார் தடுப்பணைப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நண்பர்கள் நாலு பேர். சுள்ளென்று வெயில். முழங்கால் அளவு தண்ணீர். அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணலாம் போல அவ்வளவு தெளிவு. ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்க்கவில்லை, மலையைப் பார்த்தார்.

"தம்பி, மேக்க மானம் கறுத்துக் கெடக்கு. ஏறிக்கங்கப்பா."

"இங்க நல்ல வெயில் அடிக்குதேய்யா?"

"ஆறு இங்கயா பொறக்குது?"

சிரித்துக்கொண்டே ஏறினோம். அரை மணி நேரம் ஆகியிருக்காது. தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியது. முதலில் சருகு வந்தது, அப்புறம் சுள்ளி, அப்புறம் நுரை. நாங்கள் உட்கார்ந்து முதுகு தேய்த்த பாறையைக் காணோம். சிரிப்பையும் காணோம். போர்டு மட்டும் அப்படியே நின்றது. காலையில் சொன்னதையே சாயங்காலமும் சொல்லிக்கொண்டு.

என் முதல் புகார் அதுதான். நான் பி.காம். படித்தவன். பேலன்ஸ் ஷீட்டின் தலையில் தேதி இருக்கவேண்டும் என்பது எங்களுக்கு முதல் வருஷப் பாடம். தேதி இல்லாத கணக்கில் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார். இந்த போர்டில் தேதி இல்லை, அளவும் இல்லை. பங்குனி மாத முழங்கால் தண்ணீருக்கும் ஐப்பசி வெள்ளத்துக்கும் ஒரே வாசகம். வருஷம் முழுக்க 'புலி வருது, புலி வருது' என்றால், நிஜமாகப் புலி வருகிற அன்றைக்கு யார் நம்புவார்கள்?

இரண்டாவது புகார், எது ஆபத்து என்று அது சொல்வதே இல்லை. கொட்டகுடி ஆறு குரங்கணிக்கு மேலே, டாப் ஸ்டேஷன் பக்கத்துச் சரிவுகளிலிருந்து இறங்கி வருகிறது. அந்த உச்சிக்கும் போடிக்கும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் உயர வித்தியாசம். அங்கே கொட்டுகிற மழை சமவெளி ஆறு மாதிரி ஆடி அசைந்து வராது, உருண்டு வரும். தென்மேற்குப் பருவத்தில் தேனிப் பள்ளத்தாக்கு மழை மறைவில் காய்ந்து கிடக்கும்போதே, மலை முகட்டில் தூறிக்கொண்டிருக்கும். ஆகவே, போடியில் நின்று போடி வானத்தைப் பார்த்துக் குளிக்கிறவன், பக்கத்து வீட்டுப் பாஸ்புக்கைப் பார்த்துச் செக் எழுதுகிறவன் மாதிரி.

அடுத்தது தடுப்பணை. சின்னச் சுவர், பார்க்கச் சாது. ஆனால், சுவர் முழுக்க வழிந்து விழும் தண்ணீர் அடியில் போய்ச் சுருண்டு, மறுபடி சுவரை நோக்கியே திரும்பும். அதில் மாட்டியவரைத் துணி துவைக்கும் மெஷின் மாதிரி திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். நுரைத்த தண்ணீரில் பாதி காற்று என்பதால் மிதப்பதும் கஷ்டம். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் இதில் போய்விடுவார். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நாலு மடங்கு. நேற்று நின்ற அதே முழங்கால் தண்ணீரில் இன்று நிற்க முடியாமல் போவது அதனால்தான். இது பௌதிகம். நாமோ 'ஆறு வருஷத்துக்கு ஒரு உசிரு கேக்கும்' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.

நல்லதாக எழுதத் தெரியாது என்று அரசாங்கத்தைச் சொல்லவும் முடியாது. இதே கொட்டகுடித் தண்ணீர் போய்ச் சேரும் வைகை அணையைப் பாருங்கள். மொத்த உயரம் 71 அடி. 66 அடி வந்தால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. என்ன அழகான எழுத்து! எண் இருக்கிறது, படி இருக்கிறது, கரையோர மக்கள் எப்போது மூட்டை கட்டவேண்டும் என்பது இருக்கிறது. காட்டாற்றில் படகு விடுகிறவர்களுக்கும் உலகம் முழுக்க 1 முதல் 6 வரை ஒரு தரவரிசை உண்டு. குளிக்கிறவனுக்கு மட்டும்தான் 'தடை' என்ற ஒற்றைச் சொல்.

"எழுதி வெச்சா மட்டும் கேட்கவா போறாங்க?" என்று அதிகாரிகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. என் சட்டையே அதற்குச் சாட்சி. ஆனால், 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தானே... மக்கள் கேட்காததாலா? அருவிகளுக்குத் தடை அதற்குப் பிறகல்லவா வந்தது! குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று பிடித்த காட்டுத்தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. அதே மலையிலிருந்து இறங்குகிற தண்ணீருக்கும் நாம் எண்ணிக்கையை வைத்துக்கொண்டுதான் விதி எழுத வேண்டுமா? 2022-ல் மட்டும் இந்தியாவில் தண்ணீரில் மூழ்கி இறந்தவர்கள் 38 ஆயிரத்துக்கும் மேல். எண்ணிக்கை போதாதா?

பெரிய செலவு ஒன்றுமில்லை. ஆற்றுக்குள் இருக்கிற ஒரு பாறையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கோடு. குரங்கணியில் மழை என்றால் கீழே ஒரு போன், கரையில் ஒரு விசில். ஒரு கயிறு, ஒரு காற்றடைத்த டியூப். ஒருவரைக் காப்பாற்றக் குதித்து இன்னும் இரண்டு பேர் போகிற கொடுமையாவது குறையும். போர்டில் இப்படி எழுதலாம்:

'மேற்கே மலை கறுத்தால் ஏறிவிடு. தண்ணீர் நிறம் மாறினால் ஏறிவிடு. சருகும் சுள்ளியும் வந்தால் ஏறிவிடு. இரைச்சல் கூடினால் ஏறிவிடு. சுவர் முழுக்க வழிந்தால் கிட்டேயே வராதே.'

ஐந்தே வரி. இதில் முதல் வரிக்கு ராயல்டி அந்த ஆட்டுக்காரப் பெரியவருக்குப் போகவேண்டும். நான் இதுவரை படித்த எச்சரிக்கைகளிலேயே சிறந்தது அவர் சொன்னதுதான். அதில் திசை இருந்தது, நேரம் இருந்தது, காரணம் இருந்தது. முக்கியமாக, எங்கள் மேல் அக்கறை இருந்தது.

புது போர்டு வரும்வரை, தண்ணீரில் கால் வைக்குமுன் உள்ளூர்க்காரர் யாரையாவது ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் ஏறச் சொன்னால், காரணம் கேட்பதைக் கரையில் நின்று கேளுங்கள்.

அப்புறம், சட்டை மாட்ட வேறு இடம் பாருங்கள்.