கடைசியில் ஒரு சிரிப்பு

1990-களின் தொடக்கத்தில், காலை வேளையில் தாம்பரம் ரயில் நிலையத்தை நோக்கி நடந்தவர்களுக்கு ஓர் அனுபவம் நினைவிருக்கலாம். தேநீர்க்கடை வானொலியில் ஒரு கதையின் தொடக்கம் காதில் விழும். முடிதிருத்தகத்தைக் கடக்கும்போது அதன் நடுப்பகுதி வந்து சேரும். கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டிய அவசரத்திலும், ஏதோ ஒரு வீட்டு ஜன்னலருகே கால்கள் தாமாகவே தயங்கும். கதையின் கடைசி வரி இன்னும் வரவில்லையே! அது வந்ததும், முன்பின் அறியாத இருவர் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்தபடி நடையைத் தொடர்வார்கள். குருமாணவனாக இருந்த நாள்களில் இக்காட்சியை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்தக் குரல் தென்கச்சி கோ. சுவாமிநாதனுடையது. நிகழ்ச்சி, சென்னை வானொலியின் 'இன்று ஒரு தகவல்'.

அவரை நகைச்சுவையாளர் என்று வகைப்படுத்தலாமா எனச் சிலர் ஐயுறக்கூடும். அவர் வேடம் புனைந்தவரல்லர். குரலை மாற்றிப் பேசியவருமல்லர். அரியலூர் மாவட்டத்துத் தென்கச்சிப்பெருமாள்நத்தத்தில் 1946-இல் பிறந்து, வேளாண்மையில் பட்டம் பெற்றவர். 1977-இல் திருநெல்வேலி வானொலி நிலையத்தில் உழவர்களுக்கான ஒலிபரப்பில் பணியைத் தொடங்கினார். பின்னர் சென்னை நிலையத்திற்கு வந்து, உதவி நிலைய இயக்குநராக உயர்ந்து, 2002-இல் ஓய்வு பெற்றார். ஓய்வுக்கு முந்தைய ஏறத்தாழ 14 ஆண்டுகள் அவர் நாள்தோறும் வழங்கிய அந்தச் சில நிமிடங்களே அவருக்குப் புகழ் தேடித் தந்தன. பின்னர் சன் தொலைக்காட்சியின் 'இந்த நாள் இனிய நாள்' வழியாக அவருடைய முகமும் மக்களுக்கு அறிமுகமாயிற்று. 2009 செப்டம்பர் 16 அன்று அவர் மறைந்தார்.

உழவர்களோடு பேசிப் பழகிய அந்தப் பயிற்சியை அவருடைய நடையில் காணலாம். உழவரிடம் பேசுபவர் முழங்க முடியாது. விதையைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் அவரைவிட அதிகம் அறிந்தவர் எதிரே அமர்ந்திருக்கக்கூடும். ஆகவே வரப்பில் அமர்ந்து உரையாடுவதுபோலப் பேச வேண்டும். சுவாமிநாதன் அந்தத் தொனியை நகரத்திற்குக் கொண்டுவந்தார். ஏற்ற இறக்கம் மிகுதியாக இல்லாத, அவசரமே அறியாத, ஊர் மணம் மாறாத குரல். சிரிப்பு வரும் இடத்திலும் அவர் சிரிப்பதில்லை. சொற்களை இழுத்து, சற்றே நிறுத்தி, ஒன்றுமே நடவாததுபோல் முடித்துவிடுவார்.

அவருடைய பேச்சின் அமைப்பு எளிது. முதலில் ஒரு கருத்து: சினம், பொறாமை, பேராசை, உடல்நலம், முதுமை என ஏதேனும் ஒன்று. அடுத்து, அறிஞர் ஒருவரின் சிந்தனையோ, ஞானி ஒருவரின் வாழ்வில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு சிறு நிகழ்ச்சியோ வரும். கேட்பவர் உள்ளம் நெகிழ்ந்து, 'ஆம், நாமும் மாற வேண்டும்' என்று எண்ணும் வேளையில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு வந்து நிற்கும். மருத்துவரிடம் போன நோயாளியோ, குருவிடம் போன சீடனோ, மனைவியிடம் அகப்பட்டுக்கொண்ட கணவனோ அதில் தோன்றி, அதுவரை சொல்லப்பட்ட அறிவுரையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு எதையாவது சொல்லிவைப்பான்.

எனது பழைய குற்றச்சாட்டு

இந்த முடிவுதான் அந்நாளில் எனக்குப் பிடிக்கவில்லை. இறையியல் கற்றுக்கொண்டிருந்த இளைஞனுக்கு எல்லாம் ஒழுங்காக முடிய வேண்டும். உயர்ந்த கருத்தைக் கட்டியெழுப்பிவிட்டு, கடைசியில் அதைத் தானே குலைத்துவிடுகிறாரே என்று நண்பர்களிடம் குறைப்பட்டுக்கொண்டேன். விளக்கை ஏற்றிவிட்டு ஊதி அணைப்பதுபோல் இருக்கிறது என்றும் சொன்னதுண்டு.

ஆயினும் உள்ளூரப் பொறாமையும் இருந்தது. குருப்பட்டம் பெற்றபின், தென்சென்னைப் புறநகர்ப் பங்கு ஒன்றில் பணியாற்றியபோது, அவருடைய முறையைப் பின்பற்றிப் பார்த்தேன். மன்னிப்பைப் பற்றிய மறையுரையின் இறுதியில் நல்ல நகைச்சுவை ஒன்றைச் சேர்த்தேன். கோயிலே சிரித்தது, எனக்கும் பெருமை. திருப்பலி முடிந்ததும் மூதாட்டி ஒருவர் வந்து, "சாமி, கடைசியா சொன்னீங்களே, வயிறு வலிக்கச் சிரிச்சேன்" என்றார். "எதைப் பற்றிப் பேசினேன், பாட்டி?" என்று கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "அதான் சாமி, அந்தச் சிரிப்புக் கதை" என்றார்.

முறை ஒன்றே, விளைவு மட்டும் ஏன் மாறிற்று? பல ஆண்டுகள் கழித்தே எனக்கு விடை கிட்டியது. நான் அந்த நகைச்சுவையைச் சொன்னது, மக்கள் என்னைப் பாராட்ட வேண்டும் என்பதற்காக. சுவாமிநாதனோ, தம்மீது குவியும் மரியாதையைக் கலைப்பதற்காகச் சொன்னார். அறிவுரை கூறுபவன் எவனும் தன்னை அறியாமலேயே ஒரு படி மேலே ஏறிவிடுகிறான். அவருடைய கடைசித் துணுக்கு அவரை அந்தப் படியிலிருந்து இறக்கிவிடும். 'இதையெல்லாம் சொல்கிற நானும் உங்களைப்போலத் தடுமாறுகிறவன்தான்' என்று வாய்விட்டுச் சொல்லாமலேயே சொல்லிவிடும். கேட்பவர் குற்றவுணர்வோடு அன்று, விடுதலையோடு வேலைக்குப் போவார். கருத்தை ஏற்பதா, சிரித்துவிட்டு மறப்பதா என்பது அவர் விருப்பம்.

தமிழுக்கு இது புதிதன்று. சுவாமிநாதன் பிறந்த அதே அரியலூர் மாவட்டத்தில் உள்ளது ஏலாக்குறிச்சி. 18-ஆம் நூற்றாண்டில் அங்கே பணியாற்றிய வீரமாமுனிவர், 'தேம்பாவணி' பாடிய அதே கையால் 'பரமார்த்த குருவின் கதை'யையும் எழுதினார். தாமே பலருக்குக் குருவாக இருந்தவர், குரு ஒருவரையே நகைப்புக்கு உரியவராக்கிக் காட்டினார். போதிக்கிறவன் தன்னைப் பார்த்தே சிரிக்கக் கற்றிருந்தால், அவன் போதனைக்கு அதுவே காவல்.

குரலும் முகமும்

ஆனால் இக்கலை குரலில் வாழ்ந்த அளவுக்குப் பிற ஊடகங்களில் வாழவில்லை என்பது என் கருத்து. வானொலியில் அவருக்கு முகமில்லை. ஆகவே ஒவ்வொரு வீட்டாரும் தம் குடும்பத்துப் பெரியவர் ஒருவரின் முகத்தை அக்குரலுக்குக் கொடுத்தனர். தொலைக்காட்சியில் அந்த உரிமை பறிபோயிற்று. அவர் நன்கு அறியப்பட்ட ஒரு மனிதரானார். அவர் உரைகள் நூல் தொகுதிகளாகவும் வெளிவந்தன. அச்சில் கதை இருக்கிறது, துணுக்கும் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே அவர் விட்ட அந்த மௌனத்தை எந்த அச்சுக்கோப்பாளரும் கோக்க முடியாது. இன்று அதே வகைக் கதைகள் காலைதோறும் வாட்ஸ்அப்பில் வந்து குவிகின்றன. சொல்பவர் யாரென்று தெரியாத அறிவுரை, ஆள் இல்லாத வீட்டில் எரியும் விளக்கைப் போன்றது.

அவரிடம் குறையே இல்லையா? இருக்கிறது. அவர் பெரும்பாலும் தனிமனிதனின் மனத்தையே சீர்படுத்த முயன்றார். சினத்தை அடக்கு, ஆசையைக் குறை, உள்ளதைக் கொண்டு நிறைவடை என்பவை நல்ல அறிவுரைகளே. ஆனால் நெரிசலில் தொங்கியபடி வேலைக்குச் சென்ற அந்தப் பயணிகளில் பலருடைய துன்பத்துக்குக் காரணம் அவர்களுடைய மனம் மட்டுமன்று. குறைந்த கூலியும், குடிநீர் இல்லாத தெருவும் மனநிறைவால் தீர்வன அல்ல. சிரிப்புக்கு ஆறுதல் தரும் ஆற்றலோடு அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் ஆற்றலும் உண்டு. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் சமூகத்தின் மூடப் பழக்கங்களை நோக்கி அதைத் திருப்பினார். சுவாமிநாதன் அந்தப் பாதையில் அதிகம் செல்லவில்லை. அரசு வானொலியின் எல்லைகளை நினைத்தால் இதைப் பெருங்குற்றமாகச் சொல்ல மனம் வரவில்லை. எனினும் சொல்லாமல் விடுவது திறனாய்வு ஆகாது.

என்றாலும், அவர் ஆற்றிய ஒரு பணியை எண்ணிப் பார்க்கிறேன். சாதி, சமயம், கட்சி எதுவும் பாராமல் ஒரு தெருவே ஒரே நேரத்தில் ஒரே கதைக்குச் சிரித்தது. சிரித்தவர்களில் எவரும் எவரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. எல்லாரும் தங்களைப் பார்த்தே சிரித்துக்கொண்டார்கள். இன்றைய நகைச்சுவை நிகழ்ச்சிகளில் ஒருவரின் நிறத்தையும் உடலையும் ஏளனம் செய்து பிறக்கும் சிரிப்பைக் கேட்கும்போதெல்லாம் அந்த வேறுபாடு உறைக்கிறது.

இப்போதும் சனிக்கிழமை இரவில் மறையுரைக்கான குறிப்புகளை எழுதி முடித்ததும் ஒருமுறை படித்துப் பார்க்கிறேன். நகைச்சுவை வேண்டுமா என்று கேட்டுக்கொள்வதில்லை. இதில் எந்த இடத்தில் நான் படியேறி நிற்கிறேன் என்று தேடுகிறேன். பெரும்பாலும் ஓர் இடமாவது அகப்பட்டுவிடுகிறது.