ஸ்கோர் போர்டில் வராத குவளை

சம்பா அறுவடை முடிந்ததும் கீழ்வேளூர்ப் பக்கம் பஸ்ஸில் போனால் ஜன்னல் வழியே கவனியுங்கள். அறுத்த தாள் காலில் குத்தக் குத்த பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். ஸ்கோர் எழுதி வைக்கத்தான் ஆள் இருக்காது.

ராமச்சந்திர குஹா 2002-ல் எழுதிய 'எ கார்னர் ஆஃப் எ ஃபாரின் ஃபீல்டு' படித்ததிலிருந்து எனக்கு அந்த வயல்கள் மேல் ஒரு கண். கிரிக்கெட் புத்தகம் என்றாலே செஞ்சுரி, சராசரி என்று பட்டியல் போடுவார்கள். இவர் பழைய பத்திரிகைகளைக் குடைந்து பல்வங்கர் பாலூவை மீட்டுக்கொண்டு வந்தார். பூனாவில் வெள்ளைக்காரர் கிளப்பில் மைதான வேலை பார்த்த தலித் இளைஞர். இடது கை ஸ்பின்னர். 1911 இங்கிலாந்து டூரில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். அவர் தொட்ட பந்தில் தீட்டில்லை. டீ மட்டும் பெவிலியனுக்கு வெளியே, மண் குவளையில்! இந்துக்கள் அணிக்கு அவரைக் கேப்டனாக்கவே இல்லை. தம்பி விட்டலுக்கு அது 1923-ல் கிடைத்தது. விக்கெட்டோடு குவளையையும் கணக்கில் எழுதினார் பாருங்கள், அங்கேதான் குஹா நிற்கிறார்.

ஒரே குறை, புத்தகம் பெரும்பாலும் பம்பாயையே சுற்றுகிறது. பேப்பரில் வந்த ஆட்டம்தானே சரித்திரமாகிறது?

கீழ்வேளூருக்குப் பக்கத்தில்தான் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 ராத்திரி, கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பங்களில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்த ஊர். அதற்கப்புறம் பிறந்த பிள்ளைகள் எந்த டீமில் ஆடினார்கள்? யார் கேப்டன்? தண்ணிப் பானை ஒன்றா, இரண்டா?

இதற்கு குஹா வரவேண்டாம். உள்ளூர்ப் பையன் ஒருத்தன், நாற்பது பக்க நோட்டு, பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்கப் பொறுமை. போதும். எழுதுங்களேன்.